செய்து பார்த்து வரும் நம்பிக்கை
தன்னம்பிக்கையையும் நன்றியுணர்வையும் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், காலையில் ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக்கொண்டாலே தன்னம்பிக்கை வளரும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கியபடி, அந்த நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, ஒரு செயலைத் தானே செய்து முடித்த அனுபவம்தான். ஆகவே, தேர்வில் தோற்ற பிள்ளைக்கு ஊக்கமொழி கூறுவதோடு நிறுத்தாமல், அவனால் போடக்கூடிய கணக்கை முதலில் கொடுத்து, பிறகு சற்றே கடினமானதைக் கொடுப்பது பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி. அக்கட்டுரையில் நன்றியுணர்வு பற்றிய பகுதி மிகச் சிறப்பு. உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லோ ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதிவந்தவர்கள், தொல்லைகளை எழுதிவந்தவர்களைவிடத் தம் வாழ்வைக் குறித்து நிறைவாக உணர்ந்தனர். எழுதுவதோடு, உதவியவரிடமே நேரில் நன்றி சொல்லவும் வேண்டும். அன்றாடம் சமைத்துப் போடுபவரிடம் அதைச் சொல்லும் வீடுகள் மிகக் குறைவு என்பது என் வருத்தம்.