ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

அம்மா மூன்று மாதமாக எலும்பு முறியாமல் இருக்க வாரம் ஒன்று போடச் சொன்ன குளிசைப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார். சாமித்தட்டில், விபூதிப் போத்தலுக்குப் பின்னால். ஒன்று மட்டும் குறைந்திருந்தது. கேட்டால், "தாடை எலும்பு செத்துப் போகுமாம் பிள்ளை, சின்னம்மா வொய்ஸ் மெசேஜ் அனுப்பினவ" என்றார்.

அம்மாவுக்கு 73 வயது. போன மாரியில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. முதுகு வலிக்குது என்று அதையும் படம் எடுத்தால், இரண்டு முள்ளெலும்புகள் எப்போதோ நசுங்கிப் போயிருக்கின்றன. அதற்கு ஒரு வருஷம் முன்பே உடுப்புக் காயப்போடும் கொடி எட்டவில்லை என்று தம்பியைக் கொண்டு இறக்கிக் கட்டுவித்தவர். ஆள் குறுகிப் போனது தெரியாமல், வயசு போகுது என்று நாங்கள் சிரித்தோம். பிறகு இரவு ரயிலில் கொழும்புக்குக் கொண்டுபோய் எலும்பு அடர்த்தி ஸ்கான் எடுத்தோம்: மைனஸ் 3.1. இளவயசு எலும்பைவிட எவ்வளவு குறைவு என்று காட்டும் எண் அது. மைனஸ் 2.5ஐத் தொட்டாலே நோய்தான், எலும்பு அடர்த்தி குறைந்து லேசில் முறியும் ஒஸ்டியோபொரோசிஸ். (திருகோணமலையில் முழங்கால் வலிக்கும் இதற்கும் ஒரே பெயர், 'எலும்புத் தேய்மானம்'. இரண்டும் வேறு வேறு. முழங்கால் எண்ணெய் தடவி இது போகாது.)

வொய்ஸ் மெசேஜ் சொன்னது பொய்யில்லை, அதுதான் சிக்கல். அம்மாவுக்குத் தந்த அலென்ட்ரோனேட் வகைக் குளிசையால் தாடை எலும்பு பழுதாகலாம். ஆனால் எலும்பு முறியாமல் இருக்கக் கொடுக்கும் அளவில், 10,000 பேர் ஒரு வருஷம் போட்டால் ஒருவருக்கு வரலாம், வராமலும் விடலாம். புற்றுநோய்க்காரருக்கு இதே வகை மருந்தை மிகக் கூடிய அளவில் ஏற்றும்போதுதான் அது அதிகம். சின்னம்மாவின் மெசேஜில் அந்த வித்தியாசம் இல்லை.

மருந்தின் பக்கத்தையும் ஊதிப் பெருப்பிக்கத் தேவையில்லை. 'இடுப்பு முறிவு பாதியாகக் குறையும்' என்பார்கள். 1996இல் வந்த ஆய்வில் அந்தப் பாதி எதில் பாதி தெரியுமா? ஏற்கெனவே முள்ளெலும்பு நசுங்கிய பெண்கள், மூன்று வருஷம். குளிசை போடாத நூறு பேரில் சுமார் 2 பேருக்கு இடுப்பு முறிந்தது, போட்டவர்களில் 1. முள்ளெலும்பில்தான் பலன் கண்ணுக்குத் தெரிகிறது: 15 பேர் 8 ஆனார்கள். அம்மா அந்தக் கூட்டத்தில் இருக்கிறவர். அவருக்கு அந்த ஏழு பெரிசு.

தாடையைவிட எனக்குப் பயம் தொடையெலும்பு. நாள்பட்டு இதைப் போடுகிறவர்களில் சிலருக்கு விழாமலே, நடந்துகொண்டிருக்கும்போதே தொடையெலும்பு முறிகிறது. 2020இல் கலிபோர்னியாவில் சுமார் 196,000 பெண்களை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். வெள்ளையர் 10,000 பேர் மூன்று வருஷம் போட்டால் 149 இடுப்பு முறிவு தப்பும், இந்தத் தொடை முறிவு 2 வரும். ஆசியப் பெண்களில் 91 தப்பும், 8 வரும். அப்பவும் 91தான் பெரிசு, ஆனால் தராசு எங்கள் பக்கம் அவ்வளவு சாயவில்லை. அதனால்தான் ஐந்து வருஷம் போனதும் 'இன்னும் வேணுமா' என்று டொக்டரிடம் நாங்களே கேட்க வேண்டும். நிறுத்தினால் அந்த ஆபத்தும் வேகமாக இறங்குகிறது. தொடையிலோ கவட்டிலோ புதிதாக வலி வந்தால் ஐந்து வருஷம் பார்க்காமல் உடனே போக வேண்டும்.

இதே நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி வேறு கதை. அதை இடையில் விட்டால் சில மாதத்திலேயே முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கலாம். காசு தட்டுப்பட்டது, பிள்ளை வெளிநாடு போயிட்டான் என்று தவறவிடும் குடும்பங்கள் தொடங்க முன்னமே யோசிக்கட்டும்.

சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும், அது நன்றாகக் குறைந்திருந்தால் இந்தக் குளிசை சரிவராது. எங்கள் மாவட்டத்திலேயே பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் படுத்தும் பாடு தெரிந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

எல்லாருக்கும் போடு என்று நான் சொல்லவில்லை. உப்புவெளியில் ஒரு சிநேகிதி, 54 வயது, ஒரு முறிவும் இல்லை. ஏதோ பக்கேஜில் ஸ்கான் எடுத்து மைனஸ் 1.7 வந்ததும் குளிசை தொடங்கிவிட்டார். நானென்றால் தொடங்கியிருக்க மாட்டேன். குரக்கன், நெத்தலி, காலையில் கடற்கரையில் வேகநடை, இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி ஸ்கான்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. கிளினிக்கில் துண்டைக் கையில் தந்தார்கள், எப்படிப் போடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா அந்த முதல் குளிசையைப் பிளேன்டீயோடு விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார். நெஞ்செரிவு பிடுங்கி எடுத்திருக்கு. அதற்கு மேல் சின்னம்மாவின் மெசேஜ். யார்தான் போடுவார்?

தாடையை நினைத்து, ஆடின கடைவாய்ப் பல்லை முதலில் பிடுங்கி, புண் ஆறவிட்டு, மறுபடி தொடங்கினோம். வெள்ளி விரதம் என்பதால் ஞாயிறு. வெறும் வயிறு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர், அரை மணித்தியாலம் நிமிர்ந்தே இருப்பு. கல்சியம் குளிசை மத்தியானச் சோற்றோடு. சனி இரவே பெட்டியைத் தேயிலைப் போத்தல் மூடிக்கு மேல் வைத்துவிடுகிறேன், அதைத் தூக்காமல் தேத்தண்ணி போட முடியாது. விறாந்தையில் இருந்துகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருக்கா கேட்பார்: "அரை மணி ஆச்சோ?"