8 ஓம் என்று அச்சிட்டிருப்பதை நம்பி கிராஸ்ஓவர் வாங்காதீர்கள்
சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்களுக்கு “மூன்று டிரைவரும் 8 ஓம் என்றால் ரெடிமேட் 3-வே கிராஸ்ஓவர் போர்டே போதும்” என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. டிரைவர் என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஒலிபெருக்கி: பேஸுக்கு வூஃபர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், கீச்சொலிக்கு ட்வீட்டர். ஒலியை இவற்றுக்குப் பிரித்துத் தரும் சர்க்யூட்தான் கிராஸ்ஓவர். 8 ஓம் பெயரளவுக்குத்தான். இம்பீடன்ஸ், அதாவது டிரைவர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, அதிர்வெண்ணுக்கேற்ப ஏறி இறங்கும்.

500 ஹெர்ட்ஸில் பிரித்து, அதற்குக் கீழுள்ள பேஸைக் குறைக்க மிட்ரேஞ்சுக்குத் தொடராக 40 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டதாக வைத்துக்கொள்வோம். சுமை அசல் 8 ஓம் ரெசிஸ்டராக இருந்தால் 100 ஹெர்ட்ஸில் 14 டெசிபல் குறையும். மிட்ரேஞ்சின் ஒத்ததிர்வே (அது இயல்பாக மிக எளிதில் அதிரும் அதிர்வெண்) அங்கு விழுந்து இம்பீடன்ஸ் 40 ஓமைத் தொட்டால்? வெறும் 3 டெசிபல். அந்தச் சின்ன கோன் பேஸில் திணறிக் கரகரக்கும். பழி என்னவோ கெப்பாசிட்டர் மேல்!

சென்சிடிவிட்டியும், அதாவது ஒரே அளவு மின்சாரத்துக்கு ஒரு டிரைவர் எவ்வளவு சத்தம் தரும் என்பதையும் பாருங்கள். 87 டெசிபல் வூஃபரோடு 91 டெசிபல் ட்வீட்டரை அப்படியே சேர்த்தால் காதைக் குத்தும். தொடரில் 3 ஓம், ட்வீட்டருக்கு இணையாகச் சுமார் 14 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 4 டெசிபல் இறங்கும். பெரும்பாலும் அதுவும் பற்றாது: பெட்டியின் 22 செ.மீ. அகல முன்பலகையில், சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் பரவுவதால் பேஸ் 6 டெசிபல் வரை மெலியும்.

முதலில் பெட்டியைச் செய்து, டிரைவர்களை அதில் பொருத்தி, ஆர்.இ.டபிள்யூ. (REW) என்ற அளவீட்டு மென்பொருளில் ஒலியையும் இம்பீடன்ஸையும் அளந்து, கிராஸ்ஓவர் வடிவமைக்கும் மென்பொருளான விட்டூயிக்ஸ்கேடில் (VituixCAD) சர்க்யூட்டைப் போடுங்கள். காயில், கெப்பாசிட்டர் வாங்குவது அதற்குப் பிறகு.