சிங்கப்பூர் போகும் முன் பேசிக் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

"சிங்கப்பூர்ல எல்லாமே யானை விலை, கம்பி கட்டுற வேலைக்குப் போய் என்னத்த மிச்சம் புடிக்கப் போற?" ஊரில் யாராவது பெர்மிட்டில் கிளம்பினால் இந்தக் கேள்வி வந்துவிடும். விலைவாசி உண்மைதான், பொருள் சேவை வரியே 9 சதவீதம். ஆனால் கட்டுமானத்துக்கோ ஷிப்யார்டுக்கோ வொர்க் பெர்மிட்டில் போகிறவர் வீட்டு வாடகை கொடுத்துக் குடியிருக்கப் போவதில்லை. தங்க இடம் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. சாப்பாடு பெரும்பாலும் மாதக் கேட்டரிங். அந்தத் தீவு அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மிச்சத்தையெல்லாம் தின்பது, விமானம் ஏறுவதற்கு முன் ஊரில் வாங்கிய கடன்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மாத பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி ஒரு மணி நேரச் சம்பளம் கண்டுபிடிக்க, மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52-ஐயும் 44-ஐயும் பெருக்கி வருகிற 2,288-ஆல் வகுக்க வேண்டும். 600 வெள்ளிக்கு அது 3.15. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, ஆக மணிக்கு 4.72. ஓவர்டைமுக்கு மாத உச்சவரம்பு 72 மணி நேரம். அது முழுதாகக் கிடைத்தால் 340 வெள்ளி சேர்ந்து மொத்தம் 940. பாதி கிடைத்தால் 770. கிடைக்காத மாதம் வெறும் 600.

"தினமும் நாலு மணி நேரம் ஓடி (ஓவர்டைம்), கண்ணை மூடிட்டு ஆயிரத்துக்கு மேல வரும்" என்று ஏஜெண்ட் சொன்னால், 26 நாளைக்கு அது 104 மணி நேரம். விதிவிலக்கு வாங்காத கம்பெனி அவ்வளவு கொடுக்கவே கூடாது. கொடுத்தால், வரம்பைத் தாண்டிய மணிகள் சம்பளச் சீட்டில் ஒழுங்காக ஏறுமா என்பதும் சந்தேகம்தான். மழைக்காலத்திலும், ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியிலும் ஓவர்டைம்தான் முதலில் நிற்கும். அதனால் ஓவர்டைமை வரவில் சேர்க்காதீர்கள். வந்தால் கூடுதல் என்று வையுங்கள்.

செலவுக்குக் கேட்டரிங், போன், சோப்பு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போய்வருவது, பணம் அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 250 வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைப்போம். வீட்டுச் செலவுக்கு ஊருக்கு மாதம் 15,000 ரூபாய் போயாக வேண்டும். கடன் மூன்று லட்சம், மூணு வட்டி. முதல் மாத வட்டி மட்டும் 9,000.

ஓவர்டைம் இல்லாத மாதம் கையில் நிற்பது 350 வெள்ளி, அதாவது 22,750 ரூபாய். வீட்டுக்கு 15,000 போனால் மீதி 7,750. வட்டிக்கே 1,250 குறைகிறது. மாதம் முழுக்க உழைத்தும் கடன் ஏறுகிறது. பாதி ஓவர்டைம் எல்லா மாதமும் தவறாமல் கிடைத்தால் கடன் அடைய 22 மாதம் ஆகும். பெர்மிட் வழக்கமாக இரண்டு வருடம். மீதி இருப்பது இரண்டே மாதம், அப்புறம் ரினியூவல். முழு ஓவர்டைம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடுகிறது.

இதே ஆள், இதே சம்பளம், இதே பாதி ஓவர்டைம். கடன் மட்டும் ஒரு லட்சமாக இருந்தால்? அதே மூணு வட்டிக்கும் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். மூன்று லட்சத்தையே மாதம் ஒரு வட்டி அளவில் நகைக்கடனாக வாங்கியிருந்தால் பதினெட்டு மாதம். உங்கள் மாமா, மச்சான் யாராவது "மூணு லட்சம்தானே, ரெண்டு வருஷத்துல எடுத்துடலாம்" என்றால், இந்தக் கணக்கை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள். உங்கள் பேசிக், உங்கள் வட்டி, உங்கள் வீட்டுச் செலவை வைத்துப் போடுங்கள். ஓவர்டைம் பூஜ்யம் என்று வைத்து வட்டியாவது கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வேலைக்குப் போகாதீர்கள். கடுமையாகத் தெரியலாம். ஆனால் அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போன பிறகு இதைச் சொல்லிப் பயனில்லை.

சட்டப்படி எவ்வளவு கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதே இல்லை. சிங்கப்பூர் ஏஜென்சி ஒரு வருடப் பெர்மிட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வாங்கலாம். எத்தனை வருடமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 600 வெள்ளிக்கு அது 1,200 வெள்ளி, நம் கணக்கில் 78,000 ரூபாய். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. இரண்டையும் கூட்டினாலும் 1,13,400-தான். டிக்கெட், மெடிக்கல், ஸ்கில் டெஸ்ட் செலவு தனி. இதற்கு மேல் கேட்கிற ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டால் "அப்போ வேற ஆளுக்குக் கொடுத்துடுறேன்" என்பார்கள். கொடுக்கட்டும்.

இந்திய அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் ஈசிஆர் நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் போகிறவருக்கு இருக்கிற குடியேற்ற அனுமதிச் சோதனை இங்கே இல்லாததால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சப் ஏஜெண்ட் வரை ஆள் அனுப்புகிறார்கள். வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் இந்தியாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். "கேஷ்தான் வேணும், ரசீது தர மாட்டோம்" என்கிறவரிடம் பணம் மாட்டினால் போலீசில் காட்டக்கூட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

எந்த வேலைக்கு இந்தியர்கள் வொர்க் பெர்மிட்டில் வர முடியும் என்பதற்கும் விதி இருக்கிறது. கட்டுமானம், ஷிப்யார்டு, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) துறைகள் திறந்திருக்கின்றன. சேவை, உற்பத்தித் துறைகளில் பட்டியலிட்ட சில வேலைகள் மட்டும்தான். வெல்டர், ரிக்கர், ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங் போன்றவை 2023 செப்டம்பரிலிருந்து உண்டு. எல்லா வகைச் சமையல்காரர்கள், கனரக வாகன ஓட்டுநர்கள், உற்பத்தி ஆபரேட்டர்கள் 2025 செப்டம்பரில் சேர்ந்தார்கள். இந்தப் பட்டியல் வேலைகளுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2,000 வெள்ளி. ஆகவே "சமையல் வேலை, பெர்மிட், 900 வெள்ளி" என்று ஒருவர் சொன்னால் ஏதோ ஒன்று பொய். கடை விற்பனை, செக்யூரிட்டி என்று வொர்க் பெர்மிட் ஆசை காட்டினாலும் அப்படியே. டூரிஸ்டாகப் போய் அங்கே பெர்மிட் மாற்றித் தருகிறோம் என்பதை நம்பி வேலையில் இறங்கினால் பிடிபடுவது நீங்கள்தான்.

இனி ஐபி, அதாவது வொர்க் பெர்மிட்டுக்கான முன் அனுமதிக் கடிதம். "ஐபி வந்துடுச்சு, மீதிப் பணத்தைக் கட்டு" என்கிற நாளில்தான் நிதானம் வேண்டும். அந்தக் கடிதம் தமிழிலும் வரும். அதைக் கையில் வாங்கி நாலு இடத்தைப் பாருங்கள். முதலாளி பெயர். அடிப்படை மாதச் சம்பளம். நிலையான அலவன்ஸ். நிலையான பிடித்தம். இதில் பேசிக்குக்கும் அலவன்ஸுக்கும் உள்ள பிரிவைக் கவனியுங்கள். 800 வெள்ளி என்று சொல்லிவிட்டு பேசிக் 450, அலவன்ஸ் 350 என்று போட்டிருந்தால் ஓவர்டைம் 450-ஐ வைத்துத்தான் கணக்காகும். மணிக்கு 3.54. பேசிக் 800 ஆக இருந்தால் 6.29. வாயால் சொல்லும் சம்பளம் ஒன்றுதான், கைக்கு வருவது வேறு.

பிடித்தம் என்ற வரியில் தங்குமிடம், சாப்பாடு என்று ஏதாவது இருந்தால் கேளுங்கள். இடம், வசதி, சேவைக்கான பிடித்தம் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. லெவி (வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை), 5,000 வெள்ளி பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு ஆகியவை முதலாளியின் செலவு, உங்களிடம் பிடிக்கவே கூடாது. கடிதம் உண்மையா என்பதை மனிதவள அமைச்சின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். போய் இறங்கிய பிறகு ஆங்கிலத்தில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், படித்துக் காட்டச் சொல்லாமல் போடாதீர்கள். ஐபியில் உள்ள சம்பளத்தைக் குறைக்க உங்கள் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அந்தத் தாள் பல நேரம் அந்தச் சம்மதம்தான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும் அங்கே குற்றம்.

எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் வேலைகளுக்கான அனுமதி) நடப்பது இன்னும் மோசம். 2025 செப்டம்பரிலிருந்து புது எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயதுக்கு ஏற்ப இன்னும் கூடும். வங்கியில் 3,300 போட்டுவிட்டு 1,300-ஐ ரொக்கமாகத் திருப்பிக் கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வேலை கொடுக்க முதலாளி பணம் வாங்குவதற்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. பொய்யான சம்பளத்துக்கு ஒத்துப்போய்க் கையெழுத்துப் போட்டவருக்கும் சிக்கல்தான். இங்கே வாடகை உங்கள் தலையில். எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறையைப் பகிர்ந்துகொண்டாலும் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து சேர்ந்து ஆயிரம் வெள்ளியைத் தொட்டுவிடும். 2,000 வெள்ளிதான் உண்மையில் கைக்கு வருகிறது என்றால் அந்த எஸ் பாஸில் மிஞ்சுவது ஆயிரம். அதற்குக் கேட்கிற ஏஜெண்ட் பணமோ பெர்மிட்டைவிடப் பல மடங்கு. மனைவி, பிள்ளைகளை அழைத்துக்கொள்ள நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி வேண்டும். "எஸ் பாஸ்னா குடும்பத்தோட போகலாம்" என்று சொல்பவர் அதை மறைக்கிறார்.

எஸ் பாஸ்காரருக்கு வரியும் உண்டு. வருடம் முழுக்க வேலை செய்தால் 3,300 சம்பளத்துக்கு ஏறக்குறைய 500 வெள்ளிதான். நாலு மாதத்தில் வேலை போய்த் திரும்பினால் வசிப்பவர் அல்லாதவர் கணக்கில் 15 சதவீதம், 1,980 வெள்ளி. கடைசிச் சம்பளத்தை வரி கழித்துத்தான் விடுவார்கள்.

கிளம்பும்போது கையில் 200, 300 வெள்ளி இருக்கட்டும். சம்பளம், மாதம் முடிந்து ஏழு நாளுக்குள். ஓவர்டைம் பதினான்கு நாளுக்குள். முதல் ஐந்து வாரம் வரவு இருக்காது, அங்கே போய்ச் சக ஆளிடம் கைமாற்று வாங்கித் தொடங்கினால் முதல் சம்பளமே கடனில் போகும். கட்டுமான, ஷிப்யார்டு பெர்மிட்காரர்களுக்கு ஆரம்ப சிகிச்சைத் திட்டம் இருக்கிறது, நேரில் டாக்டரைப் பார்க்க 5 வெள்ளி போதும். காய்ச்சலை மறைத்துக்கொண்டு சைட்டுக்குப் போகத் தேவையில்லை. வேலையில் அடிபட்டால் யார் தப்பு என்று பார்க்காமல் இழப்பீடு உண்டு. ஆனால் ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, டாக்டரிடமும் "வேலையில் அடிபட்டது" என்றே சொல்லுங்கள். "ரூம்ல விழுந்தேன்னு சொல்லு" என்கிற பேச்சைக் கேட்டால் கோரிக்கை அங்கேயே பலவீனப்படும்.

ரினியூவலுக்கு முதலாளி பணம் கேட்பதும், வேலை கொடுக்கப் பணம் வாங்குகிற அதே குற்றம்தான். கட்டுமானத் துறையில், பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரையிலான இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். ஸ்கில் டெஸ்ட் பாஸ் செய்து, ஒரு பெர்மிட் காலம் வேலை செய்தவருக்குக் கம்பெனிகளிடம் மதிப்பு உண்டு. அந்தத் தேதிகளை முதல் நாளே காலண்டரில் குறித்து, அதற்கு முன்பே விசாரிக்கத் தொடங்குங்கள்.

சம்பளச் சீட்டை மாதாமாதம் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலைக்குப் போன நேரம், வந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். சம்பளம் பாக்கி என்றால் அது நடந்த ஒரு வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள். டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்ட பிறகு இங்கிருந்து வழக்கு நடத்துவது மிகக் கடினம், அதனால் விமானம் ஏறுவதற்கு முன்பே மனிதவள அமைச்சிடமோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடமோ போங்கள். நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692.