சி.எஸ்.ஐ. கோயிலில் நடந்த கல்யாணமும் திருவருட்சாதனம்தான்

"சி.எஸ்.ஐ.யில் (கத்தோலிக்கம் அல்லாத தென்னிந்தியத் திருச்சபையில்) நடந்த கல்யாணம் திருவருட்சாதனம் (இறையருள் தரும் புனித அடையாளம், sacrament) இல்லை, கத்தோலிக்கராக மாறினால் மறுபடி மணமுடிக்க வேண்டும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு, பல வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளை வீணாகக் கலங்க வைக்கிறது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற இருவருக்குள் செல்லுபடியாகும் திருமணம் எதுவோ, அதுவே திருவருட்சாதனம் என்கிறது 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், எண் 1055. கத்தோலிக்க முறைப்படி குரு முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற விதி, ஒருவராவது கத்தோலிக்கராக இருந்தால்தான் பொருந்தும். இருவரும் சி.எஸ்.ஐ. என்றால் அவர்கள் கோயிலில் கொடுத்த வாக்குறுதியே போதும்.

சரி, கத்தோலிக்கர் ஒருவர் இந்துவை மணந்தால்? ஆயரின் விதிவிலக்கோடு நடந்தால் திருமணம் செல்லும், ஆனால் திருவருட்சாதனம் ஆகாது. அப்புறம் அந்தத் துணையும் திருமுழுக்குப் பெற்றால், புதுச் சடங்கு எதுவும் இல்லாமலே அது திருவருட்சாதனம் ஆகிவிடுகிறது.