மீனை மட்டும் நினைக்காதே

தம்பி: அக்கா, இந்தப் படத்தைப் பாரேன். ஆந்த்ரே மாசோன்னு ஒரு பிரெஞ்சு ஓவியர் 1924-ல வரைஞ்சது. பூனை கலைச்சுப்போட்ட நூல்கண்டு மாதிரி இருக்கு. இதை நியூயார்க் மியூசியத்துல வச்சிருக்காங்களாம்!

அக்கா: மையில போட்டது, ஒரு நோட்டுப் பக்கம் அளவுதான். பாரிஸ்ல சர்ரியலிஸ்டுகள்னு, ஆழ்மனசுல இருக்கிறதை அப்படியே வெளியே கொண்டுவரப் பார்த்த கலைஞர்கள், அதே வருஷம் டிசம்பர்ல ஆரம்பிச்ச பத்திரிகையோட முதல் இதழ்லயே அவரோட இந்த மாதிரிக் கிறுக்கல் வந்துச்சு.

தம்பி: கிறுக்கல்னு நீயே சொல்லிட்டே. அஞ்சு நிமிஷத்துல நானும் போடறேன்.

அக்கா: போடு. எதை வரையப்போறோம்னு நினைக்கக் கூடாது, கையை வேகமா ஓட விடணும். அவ்வளவுதான்.

தம்பி: சரி. ஒரு மீன்...

அக்கா: போச்சு.

தம்பி: அவர் படத்துல மட்டும் கையும் காலும் தெரியுதே?

அக்கா: கோடு ஓடி முடிஞ்சப்புறம் தெரிஞ்சது அது. விரல் மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா, ரெண்டு இழுப்பு கூட்டி விரலாக்குவார். நீ மீனைப் போட்டுட்டு அதைச் சுத்திக் கிறுக்குறே.

தம்பி: ஐயோ, சட்டையெல்லாம் மை!

அக்கா: நிப்பை மேல் பக்கமாத் தள்ளும்போது அழுத்தினா, முனை பேப்பர் நாருல மாட்டிக்கும். விடுபடுறப்போ தெறிக்கும். கீழ இழுக்கும்போது மட்டும் அழுத்து, ரெண்டு முனையும் விரிஞ்சு கோடு தடிக்கும்.

தம்பி: இப்போ கோட்டுக்கு மீசை முளைக்குது.

அக்கா: கணக்கு நோட்டுத் தாள்ல போட்டா ஊறத்தான் செய்யும். படம் வரையற தடித் தாள் இருக்கே, கார்ட்ரிட்ஜ் பேப்பர், அதை எடு.

தம்பி: நிப்புல மை தீந்துருச்சு. பாட்டில்ல தொட்டுக்கிற நேரத்துல யோசிக்கலாமா?

அக்கா: அந்த ரெண்டு நொடியிலதான் "வால் போடலாமா"ன்னு மூளை எட்டிப் பார்க்கும். பேனாவாவது கொஞ்ச தூரம் ஓடும். எண்ணெய் வர்ணம்னா பிரஷை அடிக்கடி முக்கணும், ஓட்டமே அறுந்துபோகும். அதனாலதான் 1926-ல கான்வாஸ்ல ஒட்டுற பூச்சைத் தாறுமாறாப் பூசி, மேல மணலை வீசினார். ஒட்டாத மணலைத் தட்டிவிட்டு, மிச்சத்துல தெரிஞ்ச உருவத்துக்குக் கோடு கூட்டினார். வர்ணத்தை டியூப்ல இருந்தே பிதுக்கினார்.

தம்பி: என்ன தெரிஞ்சுதாம்?

அக்கா: ...மீன். "மீன்களின் போர்"னு பேர்.

தம்பி: பாத்தியா! அவருக்கு வந்தா ஆழ்மனசு, எனக்கு வந்தா போச்சா?

அக்கா: அவர் சாப்பிடாம, தூங்காம உக்காந்து வரைவாராம்டா, மூளை அசந்து போகணும்னு.

தம்பி: சாப்பிடாமலா? ஆளை விடு. இன்னைக்கு என்ன குழம்பு?

அக்கா: காலையில இருந்து வாசனை வரலையா உனக்கு? மீன்தான்.