வகுப்பறைக்குப் பூட்டு, மைதானத்துக்கு ஆட்டம்

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்று யாராவது எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் உள்ள லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி. அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த அந்த அரசுப் பள்ளிக்குள் 1957-ல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ராணுவத் துணையோடு நுழைந்தார்கள் என்று பலருக்குத் தெரியும். அதே ஆண்டு அந்தப் பள்ளியின் கால்பந்து அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. (அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், காலைவிடக் கைக்கு வேலை அதிகமுள்ள ஆட்டம்.)

1927-ல் 15 லட்சம் டாலர் செலவில் எழுந்த கட்டடம் அது. அமெரிக்காவிலேயே அழகான உயர்நிலைப் பள்ளி என்று கட்டடக் கலைஞர்கள் மெச்சினார்கள். வாசலுக்கு மேலே நான்கு சிலைகள்: லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம். இரண்டு ஆண்டு கழித்து அதே ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு டன்பார் பள்ளியைக் கட்டினார்கள். செலவு 4 லட்சம் டாலர், அதிலும் ஒரு பங்கு வெளியார் நன்கொடை. 'வாய்ப்பு' சிலை யார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நின்றது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டுமா?

சென்ட்ரலுக்கு 1936-ல் குவிக்லி ஸ்டேடியம் வந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் மூன்றாம் பேஸ் என்ற இடத்தில் நின்று பந்து தடுப்பதற்கு இலக்கணம் எழுதிய புரூக்ஸ் ராபின்சன் 1955-ல் இங்கே படித்து முடித்தவர்தான். விளையாட்டுப் பெருமை அந்தப் பள்ளிக்கு ஊறிப்போன ஒன்று.

அதனால்தான் 1957-ல் போட்ட நிபந்தனை எனக்கு உறுத்துகிறது. ஒன்பது பேரும் வகுப்பில் உட்காரலாம். விளையாட்டு அணி, இசைக்குழு, மாணவர் மன்றம் எதிலும் சேரக்கூடாது. ஜெபர்சன் தாமஸ் தன் பழைய பள்ளியில் தடகள வீரர். எர்னஸ்ட் கிரீன் சாக்ஸபோன் வாசிப்பவர். சென்ட்ரலுக்கு வந்ததும் ஒருவருக்கு ஓட்டம் போயிற்று, மற்றவருக்கு இசை போயிற்று. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் அனுப்பிய சுமார் 1,200 வீரர்கள் வராந்தா வரைக்கும் காவலுக்கு வந்தார்கள். உடற்பயிற்சி வகுப்பின் உடைமாற்றும் அறைக்குள் அவர்கள் வர முடியாது. உதையும் அடியும் கொதிநீரும் அங்கே காத்திருந்தன. விளையாட அனுமதி கிடையாது, விளையாட்டு வகுப்பில் அடிபட மட்டும் அனுமதி உண்டு! அதே வளாகத்தில்தான் தோல்வியே காணாத அணி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வெற்றியைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தப் பையன்களும் வியர்வை சிந்தித்தான் ஜெயித்தார்கள். ஆனால், சேர்த்துக்கொள்ளாத ஓட்டக்காரன் ஒருவன் அதே கட்டடத்தில் இருந்தான் என்பதையும் கோப்பைக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

1958 மே மாதம் எர்னஸ்ட் கிரீன் பட்டம் பெற்றார். சென்ட்ரலில் படித்து முடித்த முதல் கறுப்பின மாணவர். விழா நடந்தது அதே குவிக்லி ஸ்டேடியத்தில். மார்ட்டின் லூதர் கிங் பார்வையாளராக வந்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் கைதட்டல் எழுந்தது. இவர் பெயரைக் கூப்பிட்டதும் மைதானம் அமைதியாகிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. அந்த செப்டம்பரில் கவர்னர் ஆர்வல் ஃபாபஸ் ஊரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடினார். (அங்கே கவர்னர் தேர்தலில் வென்று வருபவர், நம் முதலமைச்சரைப் போல.) ஊர் மக்களிடம் வாக்கெடுப்பும் நடந்தது. எல்லாப் பள்ளியிலும் இரு இனத்தவரும் சேர்ந்து படிக்க ஆதரவு 7,561, எதிர்ப்பு 19,470. பிள்ளைகள் சேர்ந்து உட்காருவதைவிட யாருமே படிக்காமல் போவது மேல் என்று ஊரே கையெழுத்துப் போட்ட மாதிரி. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியே நின்றார்கள். சிலர் வேறு ஊர்களுக்கு உறவினர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் வேலைக்குப் போனார்கள். சிலருக்குப் படிப்பே அத்தோடு முடிந்தது.

கால்பந்து மட்டும் நிற்கவில்லை. அது நின்றால் பிள்ளைகள் மனம் வாடிவிடுமாம்! வகுப்பே இல்லாத பள்ளியின் பெயரில் சட்டை போட்டு அணி இறங்கியது, ஊர் வந்து ஆரவாரம் செய்தது. இதற்குப் பிறகும் மைதானம் தனி, அரசியல் தனி என்று என்னிடம் சொல்லாதீர்கள். நம்மூரிலும் "களத்தில் சாதி பார்ப்பதில்லை" என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. களத்துக்குள் பார்க்காமல் இருக்கலாம். களத்துக்குப் போகும் வழியில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

1959 ஆகஸ்டில்தான் பள்ளி திறந்தது. தடகளக்காரர் ஜெபர்சன் தாமஸும், அந்த ஒன்பது பேரில் இன்னொருவரான கார்லோட்டா வால்ஸும் திரும்பி வந்து 1960-ல் படித்து முடித்தார்கள். பிற்காலத்தில் ஜோ ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர் இதே பள்ளிக்குக் கூடைப்பந்து ஆடி, என்பிஏ என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியின் நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ஏழு முறை தேர்வானார்.

அந்த மூடிக் கிடந்த ஆண்டில் இன்னொரு கூத்து. ஆசிரியர்களின் ஒப்பந்தம் செல்லுபடியில் இருந்தது. ஆகவே அவர்கள் தினமும் பள்ளிக்கு வந்து, மாணவர் இல்லாத வகுப்பறையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.