மாதத் தவணை மட்டும்தான் சொல்வார்களாம்

பழைய கார் ஒன்று பார்க்கப் போயிருந்தேன். வண்டியின் மொத்த விலை என்ன என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வந்த பதில், "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" எரிச்சலாக வருகிறது. தவணைக் காலத்தை நீட்டினால் எந்த விலையும் சின்னதாகத்தான் தெரியும்!

வட்டி 7 சதவீதம்தான் என்றார்கள். அது ஃப்ளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டியும் குறைவதில்லை. கட்டி முடித்த தொகைக்கும் சேர்த்தே கடைசி மாதம் வரை வட்டி கட்ட வேண்டும். 5 வருடக் கடனுக்கு அதைக் குறையும் அசல் கணக்கில், அதாவது மீதி அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டால் 12 சதவீதத்தைத் தாண்டுகிறது. இதைச் சொல்லாமல் மறைப்பது ஏமாற்றுவேலை இல்லாமல் வேறென்ன? கடன் பிடித்துக் கொடுத்தால் ஷோரூமுக்குக் கமிஷன் உண்டு, அதனால்தான் ரொக்கம் என்றதும் முகம் மாறுகிறது.

சரி, வாரன்டியாவது உருப்படியா என்று பார்த்தேன். வாய்வார்த்தையில் "முழு வாரன்டி". தாளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் மட்டும். கிளட்ச், பிரேக், பேட்டரி, சஸ்பென்ஷன் எதுவும் கிடையாது. பழைய வண்டியில் முதலில் தேய்வதே அவைதானே! தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். எழுந்து வந்துவிட்டேன்.